நிரலாக்கத்தில் எந்திரத் துணையும் சோதனை மரபும்

ஒரு நூலில் ஒரு சொல் வந்துள்ளது என்று கூறுதல் எளிது. வரவில்லை என்று கூறுதல் அரிது. வந்துள்ளது என்பார் ஓரிடம் காட்டினாற் போதும். வரவில்லை என்பாரோ நூல் முழுவதையும் தேடியிருத்தல் வேண்டும். முன்னையோர் இத்தேட்டத்தைத் தம் கண்ணாற் செய்தனர். பின்னர் வந்தோர் அச்சிட்ட சொல்லடைவுகளைத் துணைக்கொண்டனர். இன்றைய ஆய்வாளர் பெரும்பாலும் கணினியிடமே அதனை விட்டுவிடுகின்றனர். கணினி தானே தேடுவதில்லை. ஒருவர் எழுதி வைத்த நிரலின்படியே தேடுகின்றது. அந்நிரலை எழுதும் தொழிலில் அண்மை ஆண்டுகளில் ஒரு புதிய துணை புகுந்துள்ளது. செயற்கை நுண்ணறிவால் இயங்கும் அத்துணை, நிரலாளர் கேட்டவுடன் நிரலின் ஒரு பகுதியையோ முழுமையையோ எழுதித் தருகின்றது. 'இச்சொல் இந்நூலில் இல்லை' என்று நாளை ஓர் ஆய்வேடு கூறுமாயின், அக்கூற்றின் அடிப்படை எந்திரம் எழுதிய நான்கு வரிகளாக இருத்தல் கூடும். ஆதலின் இப்பொருளைத் தமிழாய்வு இதழொன்றில் ஆராய்தல் பொருந்தாதது அன்று.

நிரல் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. வரிசை, ஒழுங்கு என்னும் பொருளில் அது தொன்றுதொட்டு வழங்குகின்றது. நன்னூலார் கூறும் எண்வகைப் பொருள்கோள்களுள் நிரல்நிறையும் ஒன்று. கணினிக்கு இடும் கட்டளைத் தொடரை நிரல் எனவும், அதனை எழுதுவாரை நிரலாளர் எனவும் வழங்குதல் இன்று நிலைபெற்றுவிட்டது. எழுதித் தரும் எந்திரத்திற்கு இன்னும் நிலையான பெயர் அமையவில்லை. இக்கட்டுரையில் அதனைத் துணைப்பொறி என்போம்.

கிட்ஹப் நிறுவனம் 'கோபைலட்' என்னும் துணைப்பொறியை 2021 சூன் திங்களில் முன்னோட்டமாக வெளியிட்டு, 2022 சூனில் எல்லார்க்கும் உரியதாக்கியது. பிற நிறுவனங்களின் பொறிகளும் தொடர்ந்து வந்தன. முதற்கண் வந்தவை நிரலாளர் எழுதத் தொடங்கிய வரியை முடித்துக் கொடுத்தன. பின்னர் வந்தவை கோப்புகளைத் தாமே படித்து, பல இடங்களில் திருத்தி, இயக்கியும் பார்க்கின்றன. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. மிகப் பலவாகிய நிரல்களையும் உரைகளையும் பயின்ற ஒரு மொழி மாதிரி, முன் வந்தவற்றை நோக்கி அடுத்து வரத்தக்கதைக் கணித்துத் தருகின்றது. வரத்தக்கது பெரும்பாலும் சரியானதாகவே இருக்கின்றது. எனினும் இரண்டும் ஒன்றல்ல.

இத்துணை வருமுன்னரே நிரலாளர் தொழிலுக்கு ஓர் ஒழுங்கு அமைந்திருந்தது. வேண்டுவது இன்னதென எழுதிக்கொள்ளுதல், சிறு சிறு மாற்றமாகச் செய்தல், ஒவ்வொரு மாற்றத்திற்கும் சோதனை வைத்தல், உடன் பணிபுரிவார் ஒருவர் படித்து ஒப்பிய பின்னரே பொது நிரலிற் சேர்த்தல் என்பன அவ்வொழுங்கின் கூறுகள். எவர், எப்பொழுது, எவ்வரியை, ஏன் மாற்றினார் என்பதைக் காக்கும் பொறிகளும் உண்டு. லினக்ஸ் கருவகத்தின் ஆக்கப்பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் இயற்றிய 'கிட்' அவற்றுட் பெருவழக்குடையது. சுவடிப் பதிப்பறிந்தார்க்கு இவை வியப்பளியா. படிகளை ஒப்பு நோக்குதலும், பாடவேறுபாட்டைக் குறித்து வைத்தலும், மெய்ப்பைப் பிறர் கண்ணாற் பார்ப்பித்தலும் வேறு எவற்றைக் காப்பன?

துணைப்பொறியை இவ்வொழுங்கின் எவ்விடத்திற் சேர்ப்பது என்பதே வினா. இதனை முதலில் தமிழல்லாத ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். அதன் சரிபிழையை எவரும் ஒரு தாளிற் கணக்கிட்டு அறியலாம் என்பது ஒரு காரணம். எம் மாணாக்கருள் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியினர் பலர் என்பதும், தமிழ் பயின்று கணினித் தொழில் மேற்கொண்டோரும் அவருள் உளர் என்பதும் மற்றொரு காரணம்.

தென்னிந்தியாவின் முதற் பயணியர் இரயில் 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அந்நாள் முதலே வடசென்னை சரக்கும் மக்களும் ஏறி இறங்கும் இடமாக இருந்து வருகின்றது. சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் கன்டெய்னர் முனையம் அமைந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் இயங்கத் தொடங்கியது. மூட்டை மூட்டையாகச் சரக்கு இறங்கிய காலத்தில் கணக்கர் ஒவ்வொரு மூட்டையையும் எண்ணிக் குறித்தார். முத்திரையிட்ட பெட்டகமாகச் சரக்கு வரத் தொடங்கிய பின்னர் உள்ளிருப்பதை அவர் காண்பதில்லை. பெட்டகத்தின் எண்ணையும் முத்திரையையுமே காண்கின்றார். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்பதைக் கண்டோர், அவ்வெண்களில் ஒன்று பிழைபடப் பதிவாயின் விளையும் இடரை உணர்வர். வந்த பெட்டகம் கணக்கில் இராது. கணக்கில் உள்ளது முற்றத்தில் இராது.

இவ்விடரைத் தடுத்தற்கு ஐ.எஸ்.ஓ. 6346 என்னும் அனைத்துலகத் தரம் ஓர் உபாயம் வகுத்துள்ளது. பெட்டக எண்ணில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஆறு இலக்கங்களும், இறுதியிற் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றும் இருக்கும். எழுத்துகளுக்கு 10 முதல் 38 வரை மதிப்பு உண்டு. ஆனால் 11, 22, 33 ஆகிய மூன்றும் விடப்படும். ஆகவே 'ஏ' 10, 'பி' 12, 'சி' 13 எனச் செல்லும். முதலிடத்து மதிப்பை 1-ஆலும், அடுத்தடுத்த இடங்களை 2, 4, 8 என இரட்டித்துச் சென்று பத்தாமிடத்தை 512-ஆலும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11-ஆல் வகுக்க வரும் மீதியே சரிபார்ப்பு இலக்கம். மீதி 10 ஆயின் 0 என்று கொள்ளப்படும்.

ஒரு பெட்டக முற்றத்தின் வாயிலில் எண்களைப் பதியும் நிரல் முன்பே இயங்கி வருகின்றது என்றும், மேற்கூறிய சரிபார்ப்பை அதிற் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்றும் கொள்வோம். 'பெட்டக எண்ணைச் சரிபார்க்கும் பகுதி எழுதித் தருக' என்று துணைப்பொறியைக் கேட்பது ஒரு முறை. சில நொடிகளில் அழகிய நிரல் ஒன்று வரும். நிரலாளர் அதனை ஒரு முறை பார்ப்பார், குறை தோன்றாது, சேர்த்துவிடுவார். மற்றொரு முறையில், நிரலாளர் பொறியை அணுகுமுன் தரத்தின் விதியைத் தாமே படித்து, விடை தெரிந்த சில எண்களைச் சோதனையாக எழுதி வைப்பார்.

அச்சோதனைகள் எத்தகையனவாதல் வேண்டும்? சி, எஸ், கியூ, யூ என்னும் நான்கு எழுத்துகளும் 305438 என்னும் இலக்கங்களும் கொண்ட எண்ணை எடுத்துக்கொள்வோம். எழுத்து மதிப்புகள் முறையே 13, 30, 28, 32. பெருக்கிக் கூட்ட 6185 வரும்; மீதி 3. நிரல் 11, 22, 33 ஆகியவற்றை விடாது எழுத்துகளுக்குத் தொடர்ச்சியாக மதிப்பிட்டிருப்பின் 12, 28, 26, 30 என்று கொண்டு 6156 என்று கூட்டி 7 என்னும் மீதியைத் தரும். பிழை உடனே வெளிப்படும். இஃது ஒன்று மட்டும் போதாது. இறுதி இரண்டு இலக்கங்களை மாற்றி 305483 என்று வைப்பின் கூட்டுத்தொகை 4905, மீதி 10, ஆகவே இலக்கம் 0. பத்தைச் சுழியாகக் கொள்ளும் விதியை மறந்த நிரல் முதற் சோதனையில் தேறும், இரண்டாவதில் தவறும். அதனை நம்பிய வாயிலில், நேர்மையாக வந்த பெட்டகங்களுட் சில காரணமின்றித் தடுக்கப்படும். எல்லாப் பெட்டகமும் தடுக்கப்பட்டால் எவரும் நிரலை ஐயுறுவர். சிலவே தடுக்கப்பட்டால் லாரி ஓட்டுநரையே ஐயுறுவர்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. சோதனைகளையும் எழுதித் தருமாறு பொறியையே கேட்கலாம். அதுவும் தயங்காது தரும். ஆனால் விதியைத் தவறாகக் கொண்ட ஒரே பொறி நிரலையும் சோதனையையும் எழுதினால் இரண்டும் ஒத்துப்போகும். ஏட்டைப் பெயர்த்தெழுதியவரே மூல ஏட்டை விடுத்துத் தாம் எழுதியதைத் தாம் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்த கதையாகும் அது. சோதனை தவறும்போது, நிரலைத் திருத்துவதற்கு மாறாகச் சோதனையையே தளர்த்திவிடும் இயல்பும் இப்பொறிகளிடத்துக் காணப்பட்டுள்ளது. ஆகவே விடைகள் விதியிலிருந்து மனிதராற் கணிக்கப்பட்டு, பொறி தொடாதவாறு காக்கப்படுதல் வேண்டும். அதன்பின் வேண்டிய வடிவுகளைப் பொறி எழுதட்டும். எத்தனை முறை வேண்டுமாயினும் எழுதட்டும்.

'கோபைலட்' என்னும் பெயர் வானூர்தியில் உடனிருக்கும் துணை விமானியைச் சுட்டுவது. துறைமுகத்தை அடுத்து வாழ்வார்க்குப் பைலட் என்றவுடன் வேறொருவர் நினைவுக்கு வருவார். கப்பல் துறையினுட் புகுமுன் படகிற் சென்று அதன்மேல் ஏறி வழி கூறுபவர் அவர். அவர் ஏறியதனாற் கப்பல் தலைவனின் பொறுப்பு நீங்குவதில்லை. இவ்வுவமையைத் துணைப்பொறிக்குச் சொல்லுவாருளர். எமக்கு அது முழுதும் உடன்பாடன்று. துறைமுகப் பைலட் இத்துறையின் ஆழத்தையும் நீரோட்டத்தையும் பன்னாட் பழகி அறிந்தவர். துணைப்பொறியோ உலகத்துத் துறைகள் எல்லாவற்றையும் பற்றிய எழுத்துகளைப் பயின்றது, இத்துறையை அறியாதது. பொறுப்புத் தலைவனதே என்னும் அளவிற்றான் உவமை பொருந்தும்.

இனித் தமிழுக்கு வருவோம். திருவொற்றியூரை மூவரும் பாடியுள்ளனர். அவ்வூர்ப் பதிகங்களுக்குக் கணினியாற் சொல்லடைவு செய்ய விழையும் மாணவர் ஒருவர் பைத்தான் மொழியில் துணைப்பொறியைக் கொண்டு நிரல் பெறுகின்றார் என்று கொள்வோம். உரையைச் சொல் சொல்லாகப் பிரித்தல் முதற்பணி. ஆங்கில உரைக்குப் பல்லாயிரம் நிரல்களில் இதற்கென வழங்கும் ஒரு சுருக்கக் குறி உண்டு; எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவை தொடர்ந்து வரும் வரை ஒரு சொல் என்று அது கொள்ளும். வரத்தக்கதைத் தரும் பொறி அக்குறியைத் தருதல் இயல்பே. ஆனால் பைத்தானோடு வரும் தேடற்பகுதியில் அக்குறி, தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. 'ஒற்றியூர்' என்னும் சொல்லை அதற்குக் கொடுத்தால் 'ஒற', 'ற', 'ய', 'ர' என நான்கு துண்டுகள் கிடைக்கும். இப்பிழை கண்ணுக்குத் தெரியும் என்பதால் தீங்கு குறைவு.

எழுத்தெண்ணும் பணி அதனினும் நுட்பமுடையது. ஒருங்குறியில் அகரமேறிய மெய்க்கு ஒரு குறியெண்ணும், அதன்மேல் வரும் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ மற்றொரு குறியெண்ணும் உண்டு. ஆகவே நீளத்தைக் கேட்டால் பைத்தான் 'ஒற்றியூர்' என்பதை 9 என்னும். ஒ, ற், றி, யூ, ர் என ஐந்தெழுத்தென்பது தமிழ் கற்கத் தொடங்கிய சிறார்க்கும் தெரியும். கட்டளைக் கலித்துறையில் அடிதோறும் எழுத்தெண்ணிப் பார்க்க விழைவார் இந்நிரலை நம்பின் என்னாகும்? அங்கு ஒற்று நீக்கி எண்ண வேண்டும் என்பதையும் எந்திரத்திற்கு எவரேனும் சொல்லியாதல் வேண்டும்.

அகரவரிசை அடுத்தது. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. குறியெண் வரிசையில் அடுக்கினால் அன்பு, அறம், அலை, அழகு, அவை என வரும். நெடுங்கணக்கின்படி வரவேண்டியது அலை, அவை, அழகு, அறம், அன்பு. புள்ளிக்கு உயிர்க்குறிகளுக்குப் பின்னர் எண் தரப்பட்டமையால் 'க்' என்பது 'கௌ'-வுக்கும் பின்னே தள்ளப்படும். அகராதிகளில் மெய்யே முற்படும். இதனை ஒருங்குறியின் குற்றமென்று கூறுவாரோடு யாம் வழக்காட வரவில்லை. குறியெண் வரிசை அகராதி வரிசையாதல் வேண்டும் என்னும் விதி எம்மொழிக்கும் இல்லை. அடுக்கும் நிரலே அதனை அறிந்திருத்தல் வேண்டும். எழுத்து ஒவ்வொன்றிற்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' என்னும் குறியாக்கத்தை ஒருங்குறியோடு தமிழ்நாட்டரசு 2010-இல் ஏற்றுக்கொண்டது எனினும், இணையத்தில் வழங்குவது ஒருங்குறியே. தமிழெழுத்துகளைப் பிரித்துத் தரும் 'ஓப்பன்-தமிழ்' போன்ற திறந்த நிரற்றொகுதிகளும் உள்ளன. பொறிக்கு அவற்றைச் சுட்டிக்காட்டினால் எடுத்துப் பயன்படுத்தும். சுட்டாதவிடத்து எப்பொழுதும் நாடும் என்று கூறுதற்கில்லை.

மிகவும் அஞ்சத்தக்கது இறுதியில் உள்ளது. 'கொன்றை' என்பதன் முதலெழுத்தை இருவகையாக உள்ளிடலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஓர் எண்ணாகச் சேர்ப்பது ஒரு வகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு எண்களாகச் சேர்ப்பது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒரே உருவின. கணினிக்கு அவை வெவ்வேறு சரங்கள். மூல உரை ஒரு வகையாகவும் தேடுசொல் மற்றொரு வகையாகவும் இருப்பின் விடை: காணப்படவில்லை. சிவபெருமானைப் பாடும் பதிகங்களிற் கொன்றை இல்லை என்றால் தமிழறிந்தார் நகைப்பர், பிழை பிடிபடும். அரிய சொல்லொன்றைப் பற்றி அதே விடை வந்தால் எவர் நகைப்பார்? அஃது ஆய்வேட்டின் முடிவாக ஏறிவிடும்.

இவ்விரு வகையையும் ஒன்றாக்கும் இயல்பாக்க முறை ஒருங்குறியிலேயே வகுக்கப்பட்டுள்ளது; நிரலில் ஒரு வரி போதும். ஆனால் 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாக 'ஒளவை' என்று பலர் உள்ளிடுகின்றனர். இதனை அவ்வொரு வரி திருத்தாது. ஒருங்குறியின் நோக்கில் அவை உண்மையாகவே வெவ்வேறு எழுத்துகள். 'ஔவை'யைத் தேடுவார்க்கு 'ஒளவை' அகப்படாள். எந்திரமும் இதனைத் தானாக நினையாது. தமிழ் உரைகள் எவ்வாறு உள்ளிடப்பட்டு வந்தன என்பதை அறிந்தவரே நினைப்பர்.

இனி, இத்துணையால் விரைவு உண்டாகின்றதா என்று கேட்பாருக்கு இரண்டு சோதனைகளைக் காட்டலாம். 2023-இல் வெளியான ஒன்றில், 95 நிரலாளர்க்கு இணைய வழங்கி ஒன்றை எழுதும் பணி புதிதாகத் தரப்பட்டது. கோபைலட்டைப் பெற்றோர் பெறாதாரினும் ஏறத்தாழ 56 விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தனர். மீட்டர் என்னும் ஆய்வமைப்பு 2025 சூலையில் வெளியிட்டதில், பட்டறிவு மிக்க 16 நிரலாளர் தாம் பல்லாண்டு பேணிவரும் நிரல்களில் 246 பணிகளைச் செய்தனர். 24 விழுக்காடு நேரம் மிஞ்சும் என்று அவர்கள் முன்னர் எதிர்பார்த்தனர். உண்மையில் 19 விழுக்காடு கூடுதலாயிற்று. முடித்த பின்னரும் 20 விழுக்காடு மிஞ்சியதாகவே அவர்கள் நம்பினர். இரண்டும் முரண் என்று கொள்ளற்க. முன்னது வெற்று மனையிற் புதுவீடு கட்டிய கணக்கு. பின்னது குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை சேர்த்த கணக்கு. பொறிகள் திங்கள்தோறும் மாறி வருதலின் இவ்வெண்கள் இவ்வாறே நில்லா. ஆனால் வல்லுநரும் தம் நேரத்தைத் தாமே தவறாக மதித்தனர் என்பது பொறியைப் பற்றிய செய்தியன்று, மனிதரைப் பற்றியது. ஆகவே பழைய நிரலிற் பொறியைச் சேர்ப்போர் விரைவை உணர்வால் அளவாது கடிகாரத்தால் அளப்பாராக.

பழைய நிரலொன்று கையிலிருக்கும்போது, முதற்கண் அதனை எழுதச் சொல்லாது படிக்கச் சொல்லுதல் நன்று. இப்பகுதி என்ன செய்கின்றது, எப்பகுதிகள் இதனைச் சார்ந்துள்ளன என்று வினவி, விடையை நிரலோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம். பிழைபட்ட விடையாயினும் இழப்பில்லை. பின்னர்ச் சிறு மாற்றங்களைத் தனிக் கிளையிற் செய்வித்து, ஒவ்வொன்றையும் வேறொருவர் படித்த பின் சேர்க்கலாம். அச்சேறாத சுவடியுரைகளையோ ஒரு நிறுவனத்தின் சரக்குக் கணக்கையோ அயலார் கணினிக்கு அனுப்பும் பொறியில் இடுமுன் உரியாரின் இசைவு வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கின்றோம்.

தமிழ்த்துறைகள் செய்யக்கூடிய பணியொன்று உண்டு. நிரலாளர் எவரும் எடுத்தாளத்தக்க சோதனைச் சொற்பட்டியல் ஒன்று தொகுத்தல் வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்தெண்ணிக்கை, அகரவரிசையில் அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் சொற்கள், உள்ளிடக்கூடிய மாற்று வடிவங்கள், ஆய்தமும் அளபெடையும் வருமிடத்து எண்ண வேண்டிய முறை ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். பொறியாளர் இதனைச் செய்ய இயலாது. துணைப்பொறி செய்தால் அதனையே சோதிக்க வேறொரு பட்டியல் வேண்டும். முதுகலை மாணாக்கர் நால்வர் கூடினால், ஒற்றியூர், கொன்றை, ஔவை, அஃது எனத் தொடங்கி முதல் நூறு சொற்களை ஒரு பிற்பகலிற் குறித்துவிடலாம்.